புதுக்கிணற்றுத் தெருவில் நான் கை கழுவிய காலம்

புதுக்கிணற்றுத் தெருவில் கிணறு கிடையாது, புதுசாகவும் எதுவும் கிடையாது, இருந்ததெல்லாம் ஒரு தெருக்குழாய். அந்தக் குழாயிலும் தண்ணீர் நின்றுபோய், குடங்கள் வரிசையில் நின்று நின்று நிறம் வெளுத்து, இடம் பிடிக்க வைத்த செங்கலுக்குக்கூட ஒரு மரியாதை வந்துவிட்ட ஒரு பங்குனியில், நான் போய்க் கைகளை நீட்டினேன், தண்ணீர் வந்தது. கழுவுகிறவரை வந்தது. நிறுத்தியதும் நின்றது. அவ்வளவுதான் அதிசயம். ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது என்று தெருவில் ஒருத்தரும் கேட்கவில்லை. யாருடைய குடம் முதலில் என்றுதான் கேட்டார்கள்.

என் பெயர் முத்துப்பேச்சி. பேச்சி என்றால் போதும். பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். ஏன் விட்டாய் என்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ஆய்வகத்தில் ஒரு பாட்டிலைத் தொட்டேன், வாத்தியார் "அது விஷம், வாயில பட்டா போய்ச் சேர வேண்டியதுதான்" என்று சிரித்தார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துவிட்டுப் போய்க் கை கழுவினேன், மற்றவர்கள் வகுப்புக்குப் போனார்கள், சாப்பிடப் போனார்கள், மணியடித்து வீட்டுக்கும் போனார்கள், நான் மட்டும் கழுவிக்கொண்டே இருந்தேன். என் கையிலிருந்து சோற்றுப் பானைக்கு, பானையிலிருந்து அம்மா வாய்க்கு, அம்மா வாயிலிருந்து சுடுகாட்டுக்கு ஒரு பாதை போட்டிருந்தது. அதை நான் தார் ரோட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

அம்மா பெயர் சண்முகக்கனி. தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அப்பா திருப்பூரில் இருக்கிறார் என்பது நாங்கள் ஊருக்குச் சொல்வது. அம்மா நாள் முழுக்க மருந்தில் முக்கிய குச்சியை அடுக்கிவிட்டு, அதே கையோடு நின்றவாக்கில் வடை தின்கிறவள். அவளைக் கொல்ல என் கை தேவையே இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தால் நின்றுவிடும் என்றால் அது வியாதியா, கணக்குப் பாடமா? பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை என்னைக் குழாயடியிலிருந்து கூப்பிட்டு, "தண்ணிய வீணாக்குத பிள்ளை நமக்கு வேண்டாம்" என்று மாற்றுச் சான்றிதழைக் கொடுத்தார். அதைக்கூட நான் நுனிவிரலால்தான் வாங்கினேன்.

தண்ணீர் வருவதற்கு முன்னால் தெருவில் எனக்குக் கிறுக்கி என்று பெயர். வந்த பிறகு, சுத்தக்காரி. "பிள்ளைன்னா இப்படில்லா இருக்கணும், கழுவாம ஒண்ணைத் தொடாது" என்று தங்கள் பிள்ளைகளின் முதுகில் அடித்து என்னைக் காட்டினார்கள். குழாய்க்கு மஞ்சள் கயிறு கட்டினார்கள். குங்குமம் வைத்தார்கள். செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு வந்தார்கள். அம்மாவின் குடத்துக்கு வரிசையில் நிரந்தரமாக முதல் இடம். அந்த இடத்தில் குடம் இல்லாவிட்டாலும் யாரும் தங்கள் குடத்தை வைக்க மாட்டார்கள், சாமி வரும் வழியை விட்டு நிற்பதுபோல விட்டு நிற்பார்கள். சண்முகக்கனி வாழ்நாளில் எதிலும் முதலாக வந்ததில்லை. அந்த வெற்றிடத்தை அவள் பார்க்கிற பார்வையை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் குழாய் லேசுப்பட்டதில்லை. சும்மா கழுவினால் வராது. எனக்கு உள்ளே அந்தச் சந்தேகம் பிடித்திருக்க வேண்டும், பிடித்து உலுக்க வேண்டும், அப்போதுதான் வரும். கொஞ்சம் சந்தேகம் என்றால் நூல்போல வரும், நெஞ்சு அடைக்கிற சந்தேகம் என்றால் குடம் கவிழ்கிற வேகத்தில் வரும். நான் நன்றாகத் தூங்கி எழுந்த காலையில் குழாய் வறண்டு நின்றது. தெரு இதைப் படித்துக்கொள்ள ரொம்பக் காலம் எடுக்கவில்லை. எங்கள் தெருவில் யாரும் புத்தகம் படிக்க மாட்டார்கள், மனுசரை நன்றாகப் படிப்பார்கள்.

அதிலிருந்து என்னைக் கலங்கடிப்பது தெருவின் பொது வேலை ஆயிற்று.

"பேச்சி, நீ காலையில தொட்ட முறத்துல பல்லி கிடந்துச்சாமே?"

"ஏட்டி, உன் விரல்ல என்னது வெள்ளையா? ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்."

"நல்லாக் கழுவிட்டியா? இல்ல, நல்லாத்தான் கழுவியிருப்ப. ஆனாலும்…"

அந்த 'ஆனாலும்' இருக்கிறதே, அதில் ஆறு குடம் நிரம்பும். சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் தலை முழுகாமல் யாரையும் தொடக் கூடாது என்பது ஊர் வழக்கம். எங்கள் தெருவில் அது மாறி, துஷ்டிக்குப் போனவர்கள் நேராக வந்து என் தோளில் கை வைத்து, "எப்படி இருக்கே தாயி" என்று விசாரித்துவிட்டு, அதற்குப் பிறகு குளிக்கப் போனார்கள். அவர்கள் குளிக்க வேண்டுமென்றாலும் தண்ணீர் நான் கழுவினால்தானே வரும். அவ்வளவும் பொய், அவ்வளவும் நாடகம் என்று எனக்குத் தெரியும். வேலம்மா மதினி பல்லி என்று சொல்லும்போது அவள் உதட்டோரம் துடிப்பதுகூடத் தெரியும். என்ன செய்ய? இந்த வியாதிக்கு நிரூபணம் வேண்டாம், 'ஒருவேளை' போதும்.

வேலம்மா மதினி பக்கத்து வீடு. கெட்டவள் இல்லை. எனக்கு அம்மை போட்டபோது வேப்பிலை கொண்டுவந்தவள். அவளுக்கும் குடம் இருந்தது, அவ்வளவுதான்.

கவுன்சிலர் தங்கப்பழத்துக்கு மட்டும் குடம் கிடையாது; அவருக்கு இருந்தது கல்யாண மண்டபம். எங்கள் குழாயில் தண்ணீர் கொட்டுவதை வந்து பார்த்தார், மாலை போட்டு என்னோடு படம் எடுத்துக்கொண்டார், "இந்தத் தெரு தன் காலில் நிக்குது" என்று பேசினார்; பேசிவிட்டுப் போய், தன் காலில் நிற்கிற தெருவுக்கு லாரி எதற்கு என்று தண்ணீர் லாரியை நிறுத்தினார், குழாய்க்கு வர வேண்டிய மெயின் லைனை மண்டபத்துப் பக்கம் திருப்பிவிட்டார். தெருவே கை தட்டியது. எனக்குக் கை தட்டினால் வலிக்கும், ஆகையால் தட்டவில்லை.

வலிக்கும் என்று சொன்னேன் இல்லையா. கோடைக்காலக் கண்மாய் மாதிரி என் கைகள் வெடித்திருந்தன. வெடிப்பில் ரத்தம் வந்து, ரத்தம் அசுத்தமாயிற்றே என்று அதையும் கழுவி, அதில் இன்னும் வெடித்து, ஒருநாள் விரலை மடக்கவே முடியவில்லை. தெரு பதறிப்போனது. நிஜமாகவே பதறியது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஆட்டோ பிடித்து, "பிள்ளை கைய எப்படியாவது சரி பண்ணிக் கூட்டிட்டு வா சண்முகக்கனி" என்று எரிந்துபோன மோட்டாரைக் காயில் சுற்றக் கடைக்கு அனுப்புவதுபோல எங்களைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

தோல் டாக்டர் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், களிம்பு எழுதிவிட்டு, "கை பாவம் என்ன செய்யும்? கடைசி ரூமுக்குப் போங்க" என்றார். கடைசி ரூமில் ஜெசிந்தா டாக்டரம்மா இருந்தார். மனநல டாக்டர் என்று வாசலில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள், தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களாம். பார்க்கிறவர்களும் அதே பெஞ்சில் அல்லவா உட்கார்ந்திருப்பார்கள்?

"எதுக்குக் கழுவுற?" என்றார் டாக்டரம்மா.

"கழுவலைன்னா அம்மா செத்துருவாங்க."

பக்கத்தில் அம்மா திடுக்கிட்டு முக்காட்டை எடுத்தாள். "நானா? நான் எதுக்குட்டி சாவணும்?"

"கழுவினா?" என்றார் டாக்டரம்மா.

"கழுவினா, சரியாக் கழுவினேனான்னு தோணும்."

"அப்போ கழுவி என்ன பிரயோஜனம்?"

"தெருவுக்குத் தண்ணி வருது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "தண்ணி விடுறது நகராட்சி வேலை. உன் வேலை இல்ல. என் வேலையும் இல்ல. உனக்கு வந்திருக்கிறதுக்கு எண்ணச் சுழற்சி நோய்னு பேரு. நீ கிறுக்கியும் இல்ல, சுத்தக்காரியும் இல்ல" என்றார். இரண்டு பட்டமும் ஒரே மூச்சில் போயின. எனக்கு ஒரு மாதிரி குளிர்ந்தது.

அம்மா எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னார்: "பயம் தீக்குச்சி மாதிரி பேச்சி. பத்திக்கிட்டா எரியத்தான் செய்யும். ஆனா குச்சி நீளத்துக்குத்தான் எரியும், அப்புறம் தானா அணையும். நீ என்ன செய்யுற? அணையுறதுக்கு முன்னாடியே கழுவுற. கழுவுறது தண்ணி ஊத்துறது இல்ல, அந்தக் குச்சியிலயே அடுத்த குச்சியப் பத்த வைக்கிறது. இனிமே பயப்படுற பொருளைத் தொடு. தொட்டுட்டுச் சும்மா இரு. எரியட்டும்."

"சுத்தமா இருக்கான்னு அம்மாட்ட கேட்டுக்கலாமா?"

"கூடாது. கேக்குறதும் கழுவுறதுதான். வாயால கழுவுறது." அப்புறம் அம்மாவிடம் திரும்பி, "கேட்டாலும் நீங்க பதில் சொல்லக் கூடாது" என்றார். மாத்திரையும் எழுதினார். முதலில் வயிற்றைப் பிரட்டும், சில வாரங்களுக்கு ஒன்றும் தெரியாது, தெரியவில்லை என்று நிறுத்திவிடாதே, நன்றாகிவிட்டது என்றும் நீயாக நிறுத்திவிடாதே என்றார்.

கேட்பதற்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது, இல்லையா? செய்து பாருங்கள். முதலில் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தேன். வெறும் தாழ்ப்பாள். ஒரு நாட்டின் ராணுவம் முழுக்க என் நெஞ்சில் ஏறி மிதித்தது. நான் வியர்த்தேன், அழுதேன், டாக்டரம்மாவைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன், "சுத்தமாம்மா, சுத்தமாம்மா" என்று கேட்டேன். அம்மா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு, எப்போது என்று தெரியாமல், குச்சி அணைந்தது. அடுத்த நாள் செருப்பு. அதற்கடுத்துக் குழாயடிக் கல்லின் பாசி. ஒவ்வொன்றும் எரிந்தது, ஒவ்வொன்றும் அணைந்தது. சில நாள் தோற்றுப்போய்க் குழாய்க்கு ஓடினேன். அந்த நாட்களில் தெரு பண்டிகை கொண்டாடியது.

ஆனாலும் தண்ணீர் மெலிந்துகொண்டே வந்தது. குடம் நிரம்புகிற நேரத்தில் செம்புதான் நிரம்பியது, பிறகு செம்பு நிரம்புகிற நேரத்தில் டம்ளர்.

தெரு கூடியது. "பேச்சிக்கு வியாதின்னு சொல்லுதது நம்ம தெருவையே கேவலப்படுத்துதது" என்றார் தங்கப்பழம். "சுத்தம் ஒரு வியாதியாய்யா?" எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த மாத்திரை தின்றால் பிள்ளை பிறக்காது என்று ஒருத்தி சொன்னாள், மூளை உருகி மூக்கு வழியே வரும் என்று இன்னொருத்தி சொன்னாள். யாரோ ஒருவர் மட்டும், அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு நாமே கழுவிப் பார்த்தால் என்ன என்று கேட்க, அன்றிலிருந்து தெருவே முறை வைத்துக் குழாயடியில் கை கழுவியது. ஐயோ, அந்தக் கூத்தைப் பார்த்திருக்க வேண்டும். காய்ந்த குழாய்க்குக் கீழே காய்ந்த கையைத் தேய்த்துக்கொண்டு, "ஐயையோ அழுக்கு, ஐயையோ அழுக்கு" என்று முனகினார்கள். தங்கப்பழம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கண்ணை மூடி உருகி உருகிக் கழுவினார். குழாய் 'புஸ்' என்று காற்று விட்டது. நடிப்பு எது, நரகம் எது என்று அதற்குத் தெரியும்.

அம்மாதான் எனக்குக் கஷ்டமாக இருந்தாள். அவளுடைய முதல் இடத்தில் மெல்ல மெல்ல ஒரு செங்கல் வந்து உட்கார்ந்தது. ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "ஏட்டி, நாளைக்கு ஒருக்க மட்டும் கழுவினா என்ன? எனக்காக" என்றாள்.

"உனக்காகத்தானேம்மா இத்தனை நாளும் கழுவினேன்."

அவள் கரண்டியைக் கீழே போட்டாள். அதன் பிறகு கேட்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு ஒரு வாய் உண்டு. அந்த வாய், "என் மக கழுவுனது எல்லாம் என் உசுரு மேல உள்ள பயத்துலல்லா, அவ்வளவு பாசம்" என்று வேலம்மா மதினியிடம் பெருமையாகச் சொல்லி வைத்துவிட்டது.

வேலம்மா மதினி மகளுக்குக் கல்யாணம் வந்தது. தெருவிலேயே பந்தல். தங்கப்பழம் மண்டபம் அவளுக்கு எட்டாது. அடுப்பு மூட்டியாயிற்று, அரிசி அளந்தாயிற்று, விலைக்குச் சொல்லியிருந்த தண்ணீர் வண்டி வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. சம்பந்தி வீட்டார் வந்து இறங்குகிற நேரம்.

அன்று காலையில்தான் டாக்டரம்மா சொன்ன பெரிய பாடத்தைச் செய்து முடித்திருந்தேன். செருப்பைத் தொட்ட கையை, கழுவாமல், தட்டில் வைத்து, சோற்றைப் பிசைந்து உருட்டி அம்மாவுக்கு ஊட்டினேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டு மென்று விழுங்கினாள். "உப்பு பத்தலை" என்றாள். பூ வாங்கப் பஜாருக்குப் போனாள். நான் எரிந்துகொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

வேலம்மா மதினி பட்டுச் சேலையோடு ஓடி வந்தாள். பின்னால் தெருவே வந்தது, குடங்களோடு.

"பேச்சி! உங்கம்மா பஜார்ல விழுந்துட்டாளாம்ட்டி! வாயில நுரையாம்! காலையில என்னத்தட்டி குடுத்த அவளுக்கு?"

குழாய் அதிர்ந்தது. நான் இன்னும் கிட்டப் போகவில்லை, ஆனால் அதன் கழுத்தில் கட்டிய மஞ்சள் கயிறு துடித்தது, மண்ணுக்கடியில் ஏதோ பெரிய வயிறு உறுமியது, அதன் வாயோரத்தில் தண்ணீர் துளித்துளியாய்ப் பூத்தது. அத்தனை தண்ணீர், தெருவே மூழ்குகிற தண்ணீர், என் இரண்டு கைகளுக்காகக் காத்திருந்தது. கல்யாணத்துக்கு மட்டுமில்லை, ஆடி வரைக்கும் போதும். நான் நடந்து போனேன். வழி விட்டார்கள். குழாயடிக் கல்லில் உட்கார்ந்தேன்.

வேலம்மா மதினியின் கண்ணைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்த்தது. பொய் என்று தெரிந்துவிட்டது. ஆனால் முதலிலேயே சொன்னேனே, தெரிவதால் ஒன்றும் ஆவதில்லை. அம்மா நுரை தள்ளிக் கிடப்பதை நான் பார்த்தேன், என் விரல் தடம் அவள் நாக்கில் இருப்பதைப் பார்த்தேன். எழுந்து பஜாருக்கு ஓடலாம். ஓடிப்போய்ப் பார்ப்பதும் கழுவுவதுதான், காலால் கழுவுவது.

"கழுவுட்டி!" என்றார்கள். "கழுவு தாயி! கழுவு, கழுவு!" வடம் பிடித்துத் தேர் இழுக்கிறவர்களைப் போல ஒரே குரலாகச் சொன்னார்கள்.

நான் இரண்டு கைகளையும் கல்லின் பாசியில் அப்பி வைத்தேன்.

"அம்மா செத்திருந்தா அழுவேன்" என்றேன். "கழுவ மாட்டேன்."

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். குச்சி எரிந்தது. நகம் வரைக்கும் எரிந்தது. குழாய் உறுமியது, கெஞ்சியது, ஒரே ஒரு சொட்டைக் கண்ணீர்போல விட்டுக் காட்டியது. தெரு திட்டியது, அழுதது, சாபம் விட்டது, களைத்துக் குடங்களைக் கீழே வைத்தது. அப்புறம் என்னவோ ஒன்று என் தோளிலிருந்து இறங்கிப் போனது, சொல்லாமல் கொள்ளாமல். குழாயின் துடிப்பும் அடங்கியது. அதன் வாயில் ஓர் எறும்பு நுழைந்து வெளியே வந்தது.

அம்மா பூப்பையோடு தெருமுனையில் திரும்பியது அதற்குப் பிறகுதான். "என்ன, எல்லாரும் முகூர்த்தத்தை விட்டுட்டு இங்க நிக்கீய?"

வாயில் நுரை என்பதை ஒரு சின்னப் பிள்ளை சொல்லிவிட்டது. அம்மா பூப்பையை என் மடியில் வைத்தாள். செங்கலைக் காலால் தள்ளிவிட்டு, ஓரத்தில் கிடந்த தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள்.

"செத்தவ கேக்கேன் வேலம்மா, சொல்லு. மண்டபத்துத் தோட்டத்துல வாழைக்குப் பாயுதே தண்ணி, அது யாரு தண்ணி?"

இதைக் கேட்க எங்கள் தெருவுக்கு இத்தனை மாதமும் ஒரு பைத்தியம் தேவைப்பட்டதா, ஒரு செத்தவள் தேவைப்பட்டதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். வேலம்மா மதினி பட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள். சம்பந்தி வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள், அவர்களுக்குப் பசி. குடங்கள் மண்டபத்துக்கு நடந்தன. தங்கப்பழம் வாசலில் நின்று, "பேச்சியக் கேளுங்கம்மா, பேச்சியக் கழுவச் சொல்லுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தாராம். அவரை யாரும் அடிக்கவில்லை, ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

பயம் முழுசாகப் போய்விட்டதா என்றால், போகவில்லை. வரும். வந்தால் எரியும். மாத்திரை தின்கிறேன், டாக்டரம்மாவைப் பார்க்கிறேன், அவ்வளவுதான். தெருவில் பாதிப் பேர் என்னைச் சுயநலக்காரி என்கிறார்கள். இது மூன்றாவது பட்டம்.

அன்று மத்தியானம் பந்தியில் உட்கார்ந்தேன். கையில் பாசி காய்ந்து பச்சையாக ஒட்டியிருந்தது. இலை போட்டார்கள், சோறு வந்தது, வேலம்மா மதினியே குழம்பு வாளியோடு வந்தாள். என் கையைப் பார்த்தாள். பழக்க தோஷம், எந்தத் தாயும் எந்தப் பிள்ளையிடமும் கேட்கிற கேள்விதான், வாயில் வந்துவிட்டது:

"ஏட்டி, கை கழுவலையா?"

பந்தியே மெல்வதை நிறுத்தியது. வெளியே குழாய்ப் பக்கம் ஒரு தலை திரும்பியது.

"இல்ல மதினி" என்றேன். "குழம்ப ஊத்துங்க."